குடோன் படியில் ஒரு மடக்குக் கத்தி

கல்லில் எச்சிலைத் துப்பித் தேய்த்துவிட்டு, அந்த ஆள் மறுபடியும் செல்லப்பாவின் வீட்டை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மடக்குக் கத்தியைத் திறந்து, அவசரமே இல்லாமல் கல்லில் இழுக்க ஆரம்பித்தான். சர்ர்க்... சர்ர்க்...

கொச்சி மட்டாஞ்சேரியின் அந்தச் சந்தில் விடிந்ததும் முதலில் வருவது சுக்கு நெடிதான். இந்த வாரம் அதையும் முந்திக்கொண்டு இந்தச் சத்தம் வந்தது. எதிரே பூட்டிக் கிடக்கும் குடோன் படியில் வந்து உட்கார்வான். தீட்டுவான், முன்கை ரோமத்தை மழித்துப் பதம் பார்ப்பான், டக்கென்று மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவான்.

ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த செல்லப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியம், தமிழர் நலச் சங்கத்தின் தலைவர் தேர்தலில் நிற்பவர்.

சங்கத்துக்கு ஒரு மைக் செட் உண்டு, கொஞ்சம் நாற்காலிகள் உண்டு, கட்டடம் மட்டும் கிடையாது. தலைவர் யாரோ, அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். கமிட்டி அங்கே உட்கார்ந்து உலக அரசியல் முதல் ஓடை அடைப்பு வரை பேசித் தீர்க்கும்; உள்ளேயிருந்து தலைவர் மனைவி கையால் சாயாவும் பருப்புவடையும் வந்துகொண்டே இருக்கும்.

எதிர்த்து நிற்பது ராஜன். ஒரு தடவை இவர், ஒரு தடவை ராஜன் என்று அந்தப் பதவி பல வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தது. "உயிரே போனாலும் பின்வாங்க மாட்டேன்!" என்று மனு கொடுத்த அன்று செல்லப்பா மைக்கில் முழங்கினார். மறுநாள் காலையில் கத்திக்காரன் வந்துவிட்டான்.

"ராஜன் ஆள் வச்சிருக்கான், பாக்கியம். என்னைத் தீர்த்துக்கட்டப் பாக்கறான். போலீஸ்ல சொல்லட்டுமா?"

அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி மத்தி மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்னன்னு சொல்வீங்க? கத்தி தீட்டறதுக்குக் கேஸ் போட்டா, கொச்சியில ஒரு மீன்காரன் வெளிய நடக்க முடியுமா? பேசாம அந்தப் பதவிய விட்டுத் தொலைங்க."

"தமிழன் கத்திக்குப் பயப்படுவானாடி?"

"தமிழன் பயப்பட மாட்டான். நீங்கதான் ரெண்டு நாளா பின்வாசல் வழியா பால் வாங்கப் போறீங்க."

செல்லப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவரிடமும் ஒரு மடக்குக் கத்தி இருந்தது, என்றைக்கோ ஊட்டி டூரில் வாங்கியது. பிடி வெளியே தெரிகிற மாதிரி அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சந்தில் இறங்கினார்.

சாயாக்கடை பினு எட்டிப் பார்த்தான். "சேட்டா, அது எந்தா, சீப்பாணோ?"

சீப்பு இல்லை, கத்தி என்று திறந்து காட்டி அவன் வாயை மூடலாம் என்று பார்த்தார். துருப்பிடித்த கத்தி திறக்கவில்லை. கட்டைவிரல் நகம்தான் பிளந்தது. வலித்த விரலைச் சப்பிக்கொண்டே குடோன் படிக்குப் போய் நின்றார்.

"யாருப்பா நீ? இங்க என்ன பண்றே?"

"கத்தி தீட்டறேன், சாரே."

"நேத்தும்தானே தீட்டினே?"

"நேத்துத் தீட்டினது நேத்தைக்கு."

"யாரு அனுப்பினது உன்னை?"

அந்த ஆள் கத்தியில் ஒட்டியிருந்த ரோமத்தை ஊதினான். "அதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

செல்லப்பா இரண்டு எட்டு பின்னால் வைத்தார். திரும்பியவர், தேர்தல் அதிகாரியான வெங்கிட்டுவின் ஜெராக்ஸ் கடையில் போய்த்தான் மூச்சு விட்டார்.

"மனுவை வாபஸ் வாங்கறேன், வெங்கிட்டு. இளைய தலைமுறை வரட்டும்."

"ராஜன் உங்களவிட மூணு வயசு மூத்தவராச்சே?"

"மனசால இளைஞன்!"

"வாபஸுக்கு நாளைச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"தியாகத்துக்கு ஏதுய்யா யோசனை?" என்று கையெழுத்துப் போட்டார். பிளந்த நகத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் காகிதத்தில் விழுந்தது. சங்கத்துக்காகச் சிந்தியது என்று அதையும் வெங்கிட்டுவுக்கு விளக்கினார்.

வீடு திரும்பும்போது குடோன் படி காலியாக இருந்தது. செல்லப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்வாசல் வழியாகவே நுழைந்தார்.

பாக்கியம் குளித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவள் போன் அடித்தது. திரையில் 'சுமா' என்று வந்தது. ராஜனின் மனைவி! புருஷன் ஆள் வைத்து ஜெயித்ததைப் பீற்றிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறாள். தோற்றவன் குரல் மாதிரி இருக்கக் கூடாது என்று செல்லப்பா போனைக் காதில் வைத்துத் தொண்டையைச் செருமினார்.

செருமி முடிப்பதற்குள் சுமா படபடவென்று ஆரம்பித்தாள்.

"பாக்கியக்கா, உங்க வீட்டுல தீட்டி முடிச்சாச்சுன்னா, அந்த ஆள நாளைக்கு எங்க வாசலுக்கு அனுப்பி விடுங்க!"