அடுத்த தவணை

போர் நடக்கும் ஒரு நாட்டின் அகதி முகாமில் ஊசி போட வந்திருந்த பியூலாவை, வெள்ளிக்கிழமைக்குள் வெளியேறச் சொல்லி விசா அலுவலகம் கடிதம் அனுப்பியிருந்தது. தடுப்பூசி அட்டைகள் காலையிலேயே தீர்ந்துவிட்டன. வரிசையில் இன்னும் நான்கு குழந்தைகள். கடிதத்தாள் நல்ல கெட்டி. அதை நான்காகக் கத்தரித்து, பின்பக்கத்தில் குழந்தைகளின் பெயரையும் வயதையும் எழுதினாள். அடுத்த தவணைக்கு ஆறு வாரம் தள்ளித் தேதி போட்டாள்.

"சிஸ்டர், அன்னைக்கு ஊசி போடறவங்க பேரும் எழுதணுமே. யார் பேரை எழுதப் போறீங்க?" என்றான் உடன் வந்திருந்த ராயப்பன்.

"ஏன், என் பேருக்கு என்ன குறைச்சல்?"

நான்கிலும் எழுதினாள். தன் தாள்துண்டைத் திருப்பிப் பார்த்த ஒரு தாய், அதில் அரசாங்க முத்திரையைக் கண்டதும், இனிக் கவலையில்லை என்பதுபோல் அதை நெஞ்சோரம் செருகிக்கொண்டாள்.