எருமையின் மாப்பிள்ளை போட்டோ

எருமைக்கு மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் போட்டோ கேட்கவும், சேற்றையெல்லாம் கழுவிக்கொண்டு அது குரங்கின் ஸ்டூடியோவில் போய் நின்றது. படம் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் முதுகில் ஓர் உண்ணிக்கொக்கு, தான்தான் மாப்பிள்ளை என்பதுபோல் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

“இந்தச் சனியன் எதுக்குப் படத்துல? எடுத்துடு,” என்றது எருமை.

முதுகிலேயே உட்கார்ந்திருந்த கொக்கு அதைக் கேட்டும் கேட்காததுபோல் ஓர் உண்ணியைக் கொத்தி விழுங்கியது.

“கவலையே படாதீங்கண்ணே. புது ஏஐ மெஷின். இருந்த அடையாளமே தெரியாம துடைச்சிடும்,” என்று குரங்கு பொத்தானைத் தட்டியது.

படத்திலிருந்த கொக்கு மறைந்தது. அதே இடத்தில், அதைவிடக் கொழுத்த இன்னொரு கொக்கு மூன்று காலோடு நின்றது.

“யாருடா இவன்?”

“இந்த மெஷின் பாத்த எருமைப் படத்துல எல்லாம் முதுகுல கொக்கு இருந்திருக்குண்ணே. காலியா விட அதுக்கு மனசு வரல.”

மறுபடி தட்டியதில் எருமையின் கொம்பு போனது, கொக்கு போகவில்லை. இன்னொரு தட்டில் கொம்பு திரும்பி வந்தது, கொக்கின் தலையில்.

“கொக்கு போகணும்னா போகணும்!” என்று எருமை கத்திய கத்தலில், முதுகில் இருந்த நிஜக் கொக்கு ரோஷப்பட்டுப் பறந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே வாங்கிக்கொண்டு எருமை வீட்டுக்கு நடந்தது. பாதி வழியில் முதுகு அரிக்க ஆரம்பித்தது. உரசிக்கொள்ள ஒரு மரம்கூட இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, படத்தைத் தரையில் வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டது:

“தம்பி, கொஞ்சம் வெளிய வந்து என் முதுகைப் பாரேன்.”