லெவல் ஒன்பது

"லெவல் ஒன்பது" என்று தங்க எழுத்தில் அச்சடித்த கடிதத்தை விநாயக்கின் மேஜையில் வைத்தார் சின்னசாமி. அதன் மேல் லேத் ரூம் சாவியையும் வைத்தார்.

"நாளைலேர்ந்து வரல சார்."

விநாயக்குக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. முந்தாநாள் வெல்டர் எரிக், லெவல் ஏழு. நேற்று ஃபிட்டர் டக்ளஸ், லெவல் எட்டு. கடிதம் கொடுத்த வேகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூடிக்கிடக்கும் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்து ஷெட்டில் மண் அள்ளும் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி அவனுடையது. அப்பா பெரிய ஃபாக்டரியில் எஞ்சினியராக இந்த ஊருக்கு வந்தவர். பிள்ளை வளர்ந்ததெல்லாம் பெங்களூர் ஹாஸ்டலில்.

சின்னசாமி லேத்தில் நின்றால் ஒரு தலைமுடியை நீளவாக்கில் நாலாகப் பிளப்பார். ஒருமுறை பிளந்தும் காட்டினார். முடி விநாயக்குடையது, அந்த இடத்தில் இன்னும் முளைக்கவில்லை.

சனிக்கிழமை ஓசூர் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். சின்னசாமி வேலை செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர். ஆர்டர் இல்லாவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு.

இத்தனைக்கும் விநாயக் சும்மா இருக்கவில்லை. போன மாதம் பெங்களூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தான். நல்ல டீம் என்றால் திறமை பாதி, கம்பெனி கல்ச்சர் பாதி, ஆளுக்கொரு லெவல் கொடுத்துப் பாருங்கள் என்றார் பயிற்சி நடத்திய நேத்ரா.

திங்கட்கிழமை எல்லோருக்கும் கடிதம் போனது. நாலு பக்கம் இங்கிலீஷ், உச்சியில் பெரிதாக ஒரு நம்பர். தன் அறைக் கதவிலும் "விநாயக், லெவல் பத்து" என்று பித்தளைப் பலகை மாட்டிக்கொண்டான்.

கல்ச்சர் வரத்தான் செய்தது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து யாராவது ஒருவர் தன் டிபன் பாக்ஸில் பாதியை அவனுக்கு வைத்துவிட்டு, முதுகைத் தடவிவிட்டுப் போனார். ஷெட் பெருக்கும் கிருஷ்ணம்மா, லெவல் ஒன்று, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். திறமைதான் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

விநாயக் நேத்ராவுக்குப் போன் போட்டான்.

"திறமை இருந்து கல்ச்சர் இல்லன்னா விட்டுருங்க விநாயக். அது வெறும் ஈகோ."

"இவர விட்டா எனக்கு பெருக்குற அம்மாவும் நானும்தான் மேடம் மிச்சம்," என்று போனை வைத்தான்.

சின்னசாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார். விநாயக் பல்லைக் கடித்துக்கொண்டு கடிதத்தை இழுத்து, பேனாவைத் திறந்து ஒன்பதை அடித்தான்.

"சரிண்ணா, இதுக்கு மேல என்கிட்ட இல்ல. பத்து. எனக்குச் சமமா பத்து. போதுமா?"

"பத்தா," என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார் சின்னசாமி. கண் கலங்கிவிட்டது. ஆள் மசிந்துவிட்டார் என்று விநாயக் கையெழுத்துப் போடக் குனிந்தான்.

"ஒம்போதுக்கே வூட்ல மூணு நாளா அழுவுறாங்க சார். கம்பெனி தொறந்த நாள்லேர்ந்து உங்ககூட கீறேன். பெருக்குற அம்மாவ ஒண்ணுல வெச்சிட்டு, என்னிய இன்னாத்துக்கு சார் அவ்ளோ ஆழத்துல எறக்குறீங்க?"

"ஆழமா?"

"மைன்ஸ்ல ஒண்ணாம் லெவல்னா காத்து வரும் சார். நம்பர் ஏற ஏற பாதாளம், நெருப்பு மாதிரி சூடு. மைன்ஸ் மூடுற வரைக்கும் கேஜ் லிஃப்ட்ல எறங்குனவன் நானு. எனக்குத் தெரியாதா?"

விநாயக் பேனாவை மெதுவாக மூடினான்.

வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்த கிருஷ்ணம்மா, கதவிலிருந்த பித்தளைப் பலகையை முந்தானையால் துடைத்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"அப்பிடி இன்னா தப்பு சார் பண்ணீங்க, பத்துல போய் கெடக்குறீங்க?"