நனைந்த கரண்டிகள்

காலை எட்டு மணியிலிருந்து அக்செந்தியே நின்றுகொண்டேயிருந்தார்.

குலப்புனிதர் லூக்காவின் நாள். கடைசி விருந்தாளி படியிறங்கும்வரை வீட்டுத் தலைவர் உட்காரக் கூடாது.

இன்னும் முதல் விருந்தாளியே வரவில்லை.

சுட்ட பன்றிக்குட்டியின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. மெழுகுவர்த்தி பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. வாசலருகே சின்ன மேசையில், சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்து இடித்த கோதுமை. பக்கத்தில் வெள்ளைத் துணியில் பன்னிரண்டு வெள்ளிக் கரண்டிகள். ஒரு குவளைத் தண்ணீர்.

வருகிறவர் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் கோதுமை எடுப்பார். கரண்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு உள்ளே வருவார். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் குவளையே சொல்லும்.

அவர் அமைச்சராக இருந்த வருடங்களில் குவளை போதாது. மனைவி பெர்சிதா வாளி வைப்பாள்.

போன வருடம் பதினோரு பேர் வந்தார்கள். எதிரே மரத்தடியில் நின்ற அரசாங்க உளவுக்காரன் பதினோரு பெயரையும் எழுதிக்கொண்டு போனான். வசந்தத்துக்குள் ஒரு நீதிபதிக்கு வேலை போயிற்று. இரண்டு ஆசிரியர்களை எல்லைப்புறத்துக்குத் தூக்கியடித்தார்கள்.

இந்த நாளுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை. வர நினைப்பவர்கள் வருவார்கள். அதனால் வராதவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

மத்தியானம் பெர்சிதா சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டாள்.

"ஊரான் வரலைன்னா போகட்டும். பெத்த பிள்ளைக்குமா கால் வலிக்குது? காதப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்."

மகன் ஊரோஷ் கருவூலத்தில் அதிகாரி. போன மாதம்தான் பதவி உயர்வு. அவள் போய் மூன்று மணி நேரத்துக்கு மேலாகிறது.

மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் அதே உளவுக்காரன், ஸ்ரேதன், நோட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நனைந்தான்.

அக்செந்தியே கதவைத் திறந்தார்.

"உள்ள வாப்பா. இன்னிக்கி யாரையும் வெளிய நிக்க விடக்கூடாது."

அவன் தயங்கினான். பிறகு தெருவைக் கடந்து வந்து, தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு கோதுமையை எடுத்தான். கரண்டி தண்ணீரில் விழுந்தது. அன்றைக்குக் குவளை எழுப்பிய முதல் சத்தம் அது.

இறைச்சியை அவனுக்கு அவரே வெட்டிப் போட்டார். நின்றபடியே வைன் ஊற்றினார். அவன் பசியோடு தின்றான். தின்றுகொண்டே புத்தக அலமாரியைப் பார்த்தான்.

"அந்தப் புத்தகம் நாங்க படிச்சதுய்யா. 'நம் நாட்டு மலைகளும் ஆறுகளும்'. தப்பா ஒப்பிச்சா வாத்தியார் தோலை உரிச்சிடுவாரு. அத எழுதினவர் செத்து ரொம்பக் காலம் ஆச்சாமே?"

அக்செந்தியே கோப்பையை நிரப்பினார். பன்னிரண்டு வருடம் அவரே கால்நடையாகத் திரிந்து எழுதியது. புதிய பதிப்பின் அட்டையில் அவர் பெயர் இல்லை.

"உன் நோட்டுல என்ன எழுதியிருக்கே?"

அவன் சங்கடமாகச் சிரித்தான். "வெறும் பக்கம்தான். யாரும் வரலையே. உங்களுக்கு நல்லதுதான்யா. இந்த வருஷம் பெயர் இல்லாட்டி ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் உங்கள யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

மெழுகுவர்த்தி படபடத்தது.

"யாரும் வரலைன்னு எப்படிச் சொல்றே?" என்றார் அக்செந்தியே. "காலைலேருந்து நாலு தடவ மதுக்கடைக்குள்ள போனே. கடைசித் தடவ முக்கால் மணி நேரம். நீ என்னப் பாத்தே, நான் உன்னப் பாத்தேன். அப்பல்லாம் வந்தாங்க."

ஸ்ரேதனின் காது சிவந்தது. அவன் குவளையைப் பார்த்தான். அதில் அவன் கரண்டி மட்டும் கிடந்தது. அவன் மேலதிகாரி குவளையைப் பார்க்கப் போவதில்லை.

நோட்டை எடுத்தான்.

அக்செந்தியே சின்ன மேசைக்கு நடந்தார்.

"பேராசிரியர் தனாசியே." ஒரு கரண்டியைக் கோதுமையில் தொட்டுத் தண்ணீரில் போட்டார்.

"டாக்டர் குஸ்மன்." இன்னொன்று.

புத்தகக் கடை கிளிகோரியே. மணப்பெண் தேட அக்செந்தியே வீட்டுக் குதிரை வண்டியையே இரவல் வாங்கிய நெஸ்தோர். ஒவ்வொருவருக்கும் பதவி, தெரு, வந்த நேரம், போன நேரம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாக, பிழை வராமல் சொன்னார். எந்த எல்லைப்புற ஊரில் எத்தனை மாதம் பனி என்பது அவருக்கு மனப்பாடம்.

பத்துப் பெயர்கள்.

துணியில் ஒரு கரண்டி மிச்சமிருந்தது. அதைக் கையில் எடுத்து, வெகுநேரம் துடைத்தார். அப்புறம் கடைசிப் பெயரைச் சொன்னார்.

ஸ்ரேதன் பேனாவை நிறுத்திவிட்டான். "ஐயா... இதையுமா?"

"எழுது."

"வேலை போயிடுமேய்யா."

"வந்த நேரம் மூணேகால்னு போடு."

அவன் எழுதினான். தொப்பியை எடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனான்.

இருட்டுவதற்குச் சற்று முன் பெர்சிதா திரும்பினாள். தனியாகத்தான். சால்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

குவளை நிறையக் கரண்டிகள்.

"இத்தனை பேரா!" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அவன் வீட்டுல இல்லைன்னு வேலைக்காரி சொன்னா. உள்ளயே ஒளிஞ்சிருக்கான், கோழைன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன். இங்கயா வந்தான்? நம்ம ஊரோஷ் வந்தானா?"

"வந்தான்" என்றார் அக்செந்தியே.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.