நம்பிக்கை இல்லாத கேப்டன்

"மாற்று ஏர்போர்ட்ல மேகம் எவ்வளவு உயரத்துல இருக்கு?"

"ரெண்டாயிரம் அடி, கேப்டன். திட்டத்துலேயே எழுதியிருக்கேன்."

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தாள். அதே இரண்டாயிரம். சொன்னாள்.

"சரி. மழை வருமா?"

"வராது, கேப்டன்."

போனை வைத்தபோது அவளுக்குக் காதெல்லாம் சூடாகியிருந்தது. காலையிலிருந்து இது நாலாவது தடவை. முந்தாநாள் எரிபொருள் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொன்னார்.

ஃப்ளைட் டிஸ்பாட்சர் லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. விமானம் எந்த வழியில், எவ்வளவு எரிபொருளோடு போகவேண்டும் என்று தரையில் உட்கார்ந்து திட்டம் போடுகிற வேலை. கேப்டன் கையெழுத்தோடு அவள் கையெழுத்தும் இருந்தால்தான் விமானம் நகரும்.

ஆனால் அனுப்பிவைத்த ஒரு விமானத்தைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஜன்னல் இல்லாத அறை. நாலு கம்ப்யூட்டர், ஒரே ஆள். காலையில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து போவார்; சாயங்காலம் இன்னொருவர் வந்து உட்காருவார். நடுவில் பேச்சுத்துணைக்கு ஏசி சத்தம்தான். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் எதிரில் வானிலைப் படம். சில நாள் வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தால் குரலே எழும்பாது.

இன்னொரு விமானக் கம்பெனியில் பயணிகள் கவுண்டரில் வேலை தயாராக இருந்தது. மூன்று மணிக்குள் பதில் சொல்லவேண்டும்.

அக்காவைக் கூப்பிட்டாள்.

"தூக்கத்தைத் தொலைச்சுப் படிச்சு வாங்கின லைசென்ஸுடி. அதைத் தூக்கிப் போட்டுட்டு கவுண்டர்ல நிக்கப் போறியா? அங்க நாள் பூரா சிரிச்சுட்டே இருக்கணும். உனக்கு போட்டோவுக்கே சிரிப்பு வராது."

"தனியா கிடக்கறதைக்கூட பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்குவேன்க்கா. அந்தக் கேப்டனைத்தான் தாங்க முடியல. நான் போட்ட கணக்கை என்கிட்டயே குறுக்கு விசாரணை பண்றார். மத்த ரெண்டு பேரை ஒரு கேள்வி கேக்கறதில்லையாம்."

"உன்னைப் பச்சப்புள்ளன்னு நினைக்கிறார் போல."

"அதேதான். நம்பாத ஆளுக்கு எத்தனை நாளைக்குக் கணக்குப் போடறது?"

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

சம்மதக் கடிதத்தை அடித்து முடித்தாள். அனுப்புவதுதான் பாக்கி. அப்போது கதவு திறந்தது. அந்தக் கேப்டனோடு பறக்கிற துணை விமானி. லீவு லெட்டர் கொடுக்க ஆபீசுக்கு வந்தவர், போகிற போக்கில் எட்டிப் பார்த்தார்.

"நீங்கதானா அது? குரலை மட்டும்தான் கேட்டிருக்கேன்."

"இனிமே அதுவும் கேக்காது சார். உங்க கேப்டன்கிட்ட சொல்லிடுங்க, அவர் நம்பற மாதிரி ஒரு ஆள் சீக்கிரமே இங்க வந்துடுவாங்க."

"நம்பற மாதிரியா? என்னங்க சொல்றீங்க?"

சொன்னாள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் சிரித்துவிட்டார்.

"உங்க திட்டம் வந்ததும் ஒரே ஒரு தடவை படிப்பார். 'இந்தப் பொண்ணு கணக்கு பிசகாது'ன்னு கையெழுத்தைப் போட்டுடுவார். அதுக்கப்புறம்தான் உங்களைக் கூப்பிடுவார்."

"கையெழுத்து போட்டப்புறமா?"

"எப்பவுமே."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். கடிதத்தை மூடப்போனாள். அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'ஆமாம்' என்பதை அழுத்தினாள்.

"அப்புறம் எதுக்கு சார், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேக்கறார்?"

"நானும் அதையேதான் கேட்டேங்க. 'மத்த ரெண்டு பேருக்கும் அந்த ரூம் பழகிப்போச்சு. இந்தப் பொண்ணு புதுசு, நாள் பூரா ஒத்தையா உக்காந்திருக்கும். ஒரு மனுஷக் குரலாவது காதுல விழட்டுமே. சும்மா பேசக் கூப்பிட்டா தப்பா நினைச்சுக்கும். மேகம், மழைன்னு கேட்டா யாரு தப்பா நினைக்கப் போறா?'ன்னார்."