வாசலில் நீர்யானை

மூன்றாம் வகுப்பு வாசலில் நீர்யானை சிக்கிக்கொண்டது என்று ஆயா ஓடிவந்து சொன்னபோது தலைமை ஆசிரியர் நம்பவில்லை. வந்து பார்த்தார். நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது.

தலை வராந்தாவில் இருந்தது. உடம்பு வகுப்புக்குள். வயிறு வாசல்நிலையில் கச்சிதமாக இறுகிப்போயிருந்தது.

மூங்கில் கூடு கட்டி, அதன்மேல் அட்டைப்பெட்டிகளை ஒட்டி, பசையில் ஊறவைத்த செய்தித்தாளைச் சுற்றி, சாம்பல் வண்ணம் பூசி, பிள்ளைகளும் டிராயிங் டீச்சரும் சேர்ந்து செய்த நீர்யானை. மறுநாள் பள்ளிக் கண்காட்சியில் அதுதான் மாப்பிள்ளை. திறந்து வைக்க வருகிற பெரிய மனிதருக்குக் கொடுத்த அழைப்பிதழிலேயே அதன் படம்தான் இருந்தது.

"டீச்சர், எங்க இருக்கீங்க?" என்றார் தலைமை ஆசிரியர்.

"உள்ளதான் சார் இருக்கேன்" என்று நீர்யானையின் வாய்க்குள்ளிருந்து பதில் வந்தது.

அவர் சற்றுக் குனிந்து, அதன் பல்லுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். வேறு வழியில்லை. அந்த அறை பழைய ஸ்டோர் ரூம். வகுப்பறை போதவில்லை என்று மூன்றாம் வகுப்பை அங்கே தள்ளியிருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி, வாசல் ஒன்றே ஒன்று, அதுவும் ஒல்லி.

செய்வதற்கு முன்னால் வாசலை ஒரு தடவை பார்க்கக் கூடாதா, பிள்ளைகளுக்கு டிசைன் சொல்லித்தருகிற லட்சணம் இதுதானா என்று நீர்யானையைப் பிடிபிடியென்று பிடித்தார். அது வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. ஃபீஸ் கட்ட வந்த ஒரு அப்பா இதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

கணக்கு வாத்தியார் வந்தார். பக்கவாட்டில் திருப்பினால் வந்துவிடும் என்றார். திருப்பினார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது குண்டாகத்தான் இருந்தது. வெளியே நின்றவர்கள் காதைப் பிடித்து இழுக்க, உள்ளே இருந்த பிள்ளைகள் பின்பக்கத்தைத் தள்ள, இன்னும் நாலு விரற்கடை முன்னே வந்து, அப்புறம் அசைய மறுத்துவிட்டது. உள்ளே தள்ளலாம் என்றால் அதற்கும் வரவில்லை.

"வயித்தை அறுத்துடலாம் சார்" என்றார் கணக்கு வாத்தியார்.

உள்ளே ஒரு பிள்ளை விசும்பியது. அதைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மொத்த வகுப்பும் அழுதது. அத்தனை அழுகையும் ஒரே வாய் வழியாக வெளியே வந்தபோது, நீர்யானையே வாய்விட்டு அழுவதுபோல் இருந்தது. தலைமை ஆசிரியருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

மூங்கில் கூடு ஒரே பின்னல், ஒரு இடத்தில் அறுத்தால் மொத்தமும் உட்கார்ந்துவிடும், நாளைக்கு விருந்தினருக்குக் காட்ட வெறும் குப்பைதான் மிஞ்சும் என்று டீச்சர் உள்ளிருந்து பணிவாகச் சொன்னார். கூடவே, "ரெண்டு மூணு பேருக்கு அவசரமா பாத்ரூம் வருதாம் சார்" என்றார்.

தலைமை ஆசிரியர் அழைப்பிதழை நினைத்தார். பாத்ரூமை நினைத்தார். பின்பக்கம் தண்ணீர்த்தொட்டிக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரைக் கூட்டிவரச் சொன்னார்.

"சுவரை இடிங்க."

"எவ்வளவு சார்?"

"நீர்யானை அளவுக்கு."

கொத்தனார் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு அளவைக் கேட்டதில்லை. ஆனாலும் நிலையைப் பெயர்த்து, இரண்டு பக்கமும் இடித்தார். புழுதி படிந்த நீர்யானை வெளியே வந்தது. அதன் பின்னாலேயே மூன்றாம் வகுப்பு முழுக்க கைதட்டிக்கொண்டு வந்தது. அவசரக்காரர்கள் மட்டும் கைதட்டாமல் ஓடினார்கள்.

கண்காட்சி ஓஹோ என்று நடந்தது. விருந்தினர் நீர்யானையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். இடித்த இடத்தைப் பழையபடி குறுக்கினால் வேலை இழுக்கும், அகலமாக இரட்டைக் கதவு போட்டுவிடுவதே சுலபம் என்று கொத்தனார் சொன்னதற்கும் தலைமை ஆசிரியர் தலையாட்டிவிட்டார். சந்தோஷத்தில் இருந்தார்.

ஆனாலும் பொறுப்பில்லாத்தனம் பொறுப்பில்லாத்தனம்தானே. திங்கட்கிழமை காலை, டிராயிங் டீச்சரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று மூன்றாம் வகுப்புக்குக் கிளம்பினார்.

வாசலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டார்.

அந்த வகுப்பில் நடக்க முடியாத சிறுமி ஒருத்தி இருந்தாள். இத்தனை நாளும் அவளுடைய சக்கர நாற்காலி வராந்தாவோடு சரி. ஆயா அவளை மூட்டைபோலத் தூக்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்காரவைப்பார். இன்டர்வெல்லில் பாத்ரூமுக்கும் தூக்கவேண்டி வருமே என்பதற்காகவே அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தரச்சொல்லி டிராயிங் டீச்சர் மீட்டிங்கில் கேட்டதும், ஒரு பிள்ளைக்காகப் போய் சுவரை இடிக்க முடியுமா என்று தான் சிரித்ததும் அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது.

அவள் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு, அந்தப் புது வாசல் வழியாக உள்ளே போனாள். போனவள் திரும்பி வெளியே வந்தாள். மறுபடியும் உள்ளே போனாள்.

டீச்சர் கரும்பலகை ஓரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் பக்கத்தில் போய் நின்றார்.

"உண்மையைச் சொல்லுங்க டீச்சர். அந்த நீர்யானையை நீங்க அளக்கவே இல்லையா?"

"நீர்யானையை எதுக்கு சார் அளக்கணும்? இவ நாற்காலியைத்தான் அளந்தேன்."