சத்தம் ஜாஸ்தி

"வண்டி அருமைதான். ஆனா சத்தம் ஜாஸ்தியா இருக்கே" என்றார் கேசவன்.

குரோம்பேட்டை ஷோரூம்காரர் சிரித்தார். "சார், இந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்து வாங்கறாங்க. முந்நூத்தம்பது சிசி! நீங்க தெருமுனை திரும்பும்போதே வீட்ல காபி கலந்துடுவாங்க."

"அதனாலதான் வேணாங்கறேன்."

இது அவர் உதட்டைப் பிதுக்கிய மூன்றாவது ஷோரூம். இத்தனைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியபோது மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கை இன்னும் டேங்கைத் தடவிக்கொண்டுதான் இருந்தது. வாய் மட்டும் வேண்டாம் என்றது.

மகள் வினிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபீஸில் வந்த போனஸில் அப்பாவுக்கு வண்டி வாங்கித் தந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவள்.

"சத்தத்தைப் பார்க்காதேப்பா. இதுல ஏபிஎஸ் இருக்கு. சடன் பிரேக் அடிச்சாலும் வழுக்காது. உன் பழைய வண்டியில பிரேக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியல."

"நம்ம ஹார்டுவேர் கடை ரெண்டு தெரு தள்ளி இருக்கு. அதுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய வண்டி?"

மனைவி ஜெயஸ்ரீக்குப் பொறுக்கவில்லை. "விடுடி. போட்ட இண்டிகேட்டரை அணைக்கத் தெரியாத மனுஷன், இவருக்கு அந்த டப்பாதான் லாயக்கு. பொண்ணு ஆசையா வாங்கித் தர்றதைக்கூட வேணாம்னு சொல்ற ஒரு கஞ்சனை நான் எங்கயும் பார்த்ததில்ல!"

எல்லார் முன்னாலும்தான் சொன்னாள். கேசவன் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

குட்டு இதுதான். போன வருஷம் சானடோரியம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு பஸ் ஓரமாக நெருக்கியதில் வினிதா ஸ்கூட்டரோடு விழுந்தாள். ஏதோ முழங்கை சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் இவர் "நானும் கூட வரேன்" என்று கிளம்ப, "ஆபீஸ்ல சிரிப்பாங்கப்பா. நான் என்ன எல்கேஜியா?" என்று கோபித்துக்கொண்டாள். "சரிம்மா, வரல" என்று தலையை ஆட்டினார்.

ஆட்டியது தலை மட்டும்தான். அன்றிலிருந்து தினமும், அவள் அஸ்தினாபுரம் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் இவரும் "கடை திறக்கணும்" என்று கிளம்பிவிடுவார். கடையில் ஒளித்து வைத்திருக்கும் கறுப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னால், தண்ணி லாரிக்குப் பின்னால் என்று பதுங்கிப் பதுங்கி, பெருங்களத்தூரில் அவள் ஆபீஸ் கேட்டுக்குள் நுழைகிறவரை போவார். அப்புறம்தான் கடை. நூறு சிசி டப்பா, மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அது மாதிரி ஆயிரம் வண்டி. யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

டபடபவென்று அடித்துக்கொண்டு போகிற வண்டி என்றால் முதல் நாளே மாட்டிக்கொள்வாரே!

ஷோரூம் போன மறுநாள் காலையும் பின்னாலேயே போனார். ஒரு விஷயத்தில் அவருக்குப் பெருமை. ஊரே பறக்கிற ரோட்டில் அவர் பெண் முப்பதைத் தாண்டமாட்டாள். விழுந்த பயம், அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வார்.

தாம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கையைக் காட்டிய யாருக்கோ ஒரு ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நின்றது. கேசவன் பிரேக்கை மிதித்தார். டப்பா நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், ஆட்டோவுக்கு ஒரு சாண் இருக்கும்போது ஒருவழியாக நின்றது.

"இன்னா பெர்சு, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று கத்தினார் ஆட்டோக்காரர்.

ஆனால் கேசவன் பார்த்தது வினிதாவைத்தான். அவள் திரும்பவில்லை. போய்க்கொண்டே இருந்தாள். அப்பாடா!

சாயங்காலம் வீட்டுக்கு வந்த வினிதா தோள்பையைக்கூட இறக்கவில்லை.

"வண்டி புக் பண்ணிட்டேன். நேத்து பார்த்ததுதான்."

"உனக்கு எத்தனை தடவை சொல்றதும்மா? அந்தச் சத்தம்..."

"கேட்டா கேட்கட்டுமே! இப்ப மட்டும் எனக்குத் தெரியாமலா இருக்கு? ஜி.எஸ்.டி. ரோடு பூரா லெஃப்ட் இண்டிகேட்டரைப் போட்டுக்கிட்டு நேரா வர்ற ஒரே ஆளு நீதான்ப்பா. ஒரு வருஷமா கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஜெயஸ்ரீ புருஷனைப் பார்த்தாள். கேசவன் தரையைப் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"சொன்னா வர்றதை நிறுத்திடுவே. நீ பின்னாடி இருக்கேன்னா எனக்கும் ஒரு தைரியம்." வினிதா அப்போதுதான் தோள்பையை இறக்கினாள். "காலையில அந்த ஆட்டோகிட்ட வழுக்கினப்ப எனக்கு உயிரே போயிடுச்சுப்பா."

கேசவன் சமாளித்துப் பார்த்தார். "நீதான் பயந்துக்கிட்டு முப்பதுலயே போறியே. உன் பின்னாடி வர்றதுக்கு எனக்கு எதுக்கும்மா அவ்ளோ பெரிய வண்டி?"

"பயந்துக்கிட்டா? நான் வேகமா போனா நீயும் வேகமா வருவே. உன் வண்டியில பிரேக் இல்லியேப்பா!"